வீட்டுக் குளத்துக்கு ஒரு சின்ன அருவி: தண்ணீரை அளந்து விடும் முறை

பண்டாரவளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் அகலமுமாக ஒரு குளம் இருக்கிறது. அதன் தலைமாட்டில், முழங்காலுக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து ஒரு சின்ன அருவி விழுகிறது. கட்டி முடித்து முதல் தடவை பம்ப்பைப் போட்ட அன்று அது விழவில்லை. கல்லை நனைத்தபடி வழிந்து, அடியில் எங்கோ புகுந்து மறைந்துபோனது. பம்ப் வந்த பெட்டியில் மணிக்கு 3000 லீற்றர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இதைவிடப் பெரிய பம்ப் ஒன்றுதான் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று தோட்டத்திலிருந்து பெரியப்பா வந்திருந்தார். குனிந்து, தண்ணீர் வழிகிற கல்லின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "நம்ம பீலியில தகரத்தை எதுக்கு ஒரு சாண் வெளிய நீட்டி வச்சிருக்கோம்? தண்ணி பாறையில ஒட்டாம விழணும்னுதான் தம்பி. இந்தக் கல்லு உருண்டையா இருக்கு. எம்புட்டுத் தண்ணி விட்டாலும் வழியத்தான் செய்யும்" என்றார்.

மலைத் தண்ணீர் தகரத்தின் வழியாக விழுகிற பீலியில் குளித்து வளர்ந்தவன் நான். ஆனாலும் அந்தத் தகரத்தை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. பம்ப் சிறியது என்பதும் உண்மைதான், அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அன்று ஒன்று விளங்கியது. அருவியை விளிம்பிலிருந்து தொடங்கிக் கணக்குப் போட வேண்டும். விளிம்பு எவ்வளவு அகலம் என்று முடிவானால் எவ்வளவு தண்ணீர் என்பது தெரியும். தண்ணீரும் உயரமும் தெரிந்தால் குழாயும் பம்ப்பும் தானாக முடிவாகும். அநேகமானவர்கள் பம்ப்பை முதலில் வாங்கிவிட்டு மற்றதை அதற்குப் பொருத்தப் பார்க்கிறார்கள். அப்புறம் இருந்து மூன்று நான்கு வீடுகளுக்குக் குளம் கட்டக் கைகொடுத்திருக்கிறேன். கீழே எழுதியிருப்பது அந்த வேலைகளில் நாங்கள் செய்த வரிசை.

முதலில் இடம்

மலையகத்தில் குளம் வெட்ட நினைக்கிறவர்கள் தண்ணீருக்கு முன்னால் மண்ணைப் பார்க்க வேண்டும். நம் வீடுகள் பலவும் சரிவை வெட்டிச் சமப்படுத்திய நிலத்தில் நிற்கின்றன. பின்பக்கம் வெட்டிய மண்சுவர், முன்பக்கம் அந்த மண்ணைக் கொட்டி நிரப்பிய திட்டு. கொட்டி நிரப்பிய மண்ணின் ஓரத்தில் குளம் வைக்கவே வேண்டாம். வெட்டிய மண்சுவரின் தலைக்கு மேலேயும் வேண்டாம். என் குளம் சின்னதுதான், அரை மீற்றர் ஆழம். அதிலேயே 1500 லீற்றர் நிற்கிறது. அதாவது ஒன்றரைத் தொன் பாரம். அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத கசிவு. இராப்பகலாக ஓடும் தண்ணீரில் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தால் அந்த மண் எப்போதும் நனைந்தபடி கிடக்கும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மண் மூடியதைக் கண்டவர்கள் நாம். நனைந்த மண் என்ன செய்யும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. உங்கள் நிலம் மண்சரிவு அபாயப் பகுதி என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் குறித்த இடமாக இருந்தால், தரையில் குளம் வெட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். முற்றத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி வைத்து அதில் சின்னதாக ஒரு பீலி விழச் செய்தாலே போதும், அழகாக இருக்கும்.

கெட்டியான இயற்கை மண், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, மரத்தடி இல்லாத இடம் என்றால் நல்லது. யூக்கலிப்டஸ் பக்கத்தில் நின்றால் இலை அள்ளியே ஓய்ந்துபோவீர்கள்.

மலை ஊற்றிலிருந்து ஹோஸ் போட்டுத் தண்ணீர் இறக்குகிற வீடுகளில், பம்ப் எதற்கு, அந்தத் தண்ணீரையே அருவியாக விடலாமே என்று கேட்பார்கள். மாசி பங்குனியில் ஊற்று மெலிகிறபோது கீழ்வீட்டுக்காரருக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது. குளத்தை நிரப்பவும் குறைந்ததை ஈடுகட்டவும் மட்டும் ஊற்றைத் திறந்து மூடுங்கள். அருவிக்கு அதே தண்ணீரைச் சுற்றி விடுவதுதான் நியாயம்.

விளிம்பு

ஒரு கோப்பையில் பிளேன்டீயை நிறைய ஊற்றி, இன்னொரு கோப்பைக்கு மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். தேத்தண்ணி எட்டி விழாது. கோப்பையின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே வழிந்து உங்கள் விரலை நனைக்கும். இன்னும் வேகமாகச் சாய்த்தால் விடுபட்டு விழும். இப்போது அதையே விளிம்பு மெல்லிய தகரக் குவளையால் செய்யுங்கள். மெதுவாகச் சாய்த்தாலும் ஓரளவு நேராகவே விழும். தண்ணீருக்கு உருண்டையான வளைவைப் பற்றிக்கொண்டு திரும்புகிற குணம் இருக்கிறது. கூரான விளிம்பில் அதற்குப் பிடி கிடைப்பதில்லை. உங்கள் அருவி விழுமா வழியுமா என்பது பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

ஆற்றில் பொறுக்கிய வழுவழுப்பான உருண்டைக் கல் பார்க்க அழகு, விளிம்புக்கு ஆகாது. தட்டையான, ஓரம் கூராக உடைந்த கருங்கல் பலகை ஒன்று தேடுங்கள். கிடைக்காவிட்டால், சமையலறை மேடைக்குக் கிரனைட் அறுக்கிற இடங்களில் மிஞ்சிய துண்டுகள் குவிந்து கிடக்கும். அறுத்த ஓரம் கத்திபோல் இருக்கும். அந்தப் பலகை, கீழே இருக்கும் சுவரைத் தாண்டிக் குறைந்தது நான்கு செ.மீ. வெளியே நீண்டிருக்க வேண்டும். பலகையின் அடிப்பக்கத்தில், ஓரத்திலிருந்து ஒரு விரல் உள்ளே, நீளவாக்கில் ஒரு சின்னக் காடி வெட்டச் சொல்லுங்கள். வீட்டுச் சன்னலின் அடிக்கட்டையில் மழைநீர் உள்ளே ஓடாமலிருக்க மேசன் வெட்டுகிறாரே, அதே காடிதான். தண்ணீர் குறைவாக ஓடும் நேரத்திலும் அது உள்பக்கமாக ஊர்ந்து போகாது.

அடுத்தது மட்டம். பலகையின் மேல் ஓடும் தண்ணீரின் தடிப்பு ஒரு செ.மீ. அல்லது அதற்குச் சற்று அதிகமாகத்தான் இருக்கும். எனவே ஒரு பக்கம் அரை செ.மீ. தாழ்ந்திருந்தால்கூடத் தண்ணீரில் பெரும்பகுதி அந்தப் பக்கம் ஓடிவிடும், மறுபக்கம் கல் வெறுமனே காயும். இடம் வலமாக மட்டம் கச்சிதமாக இருக்க வேண்டும். முன்னோக்கி மட்டும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் சாய்வு கொடுக்கலாம். சாந்து காயும் முன்பே ஒரு வாளித் தண்ணீரைப் பின்னால் ஊற்றி ஓடவிட்டுப் பாருங்கள். காய்ந்த பிறகு திருத்துவது என்றால் உடைக்கத்தான் வேண்டும்.

இனி, தண்ணீர் கல்லுக்கு மேலே போகாமல் கல்லுக்கு அடியில் போகிற பிரச்சினை. புதிதாகக் கட்டுகிறவர்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் இது வரும், எனக்கும் வந்தது. பலகையின் அடியிலும் இரண்டு பக்கக் கற்களின் இடுக்கிலும் சீமெந்துச் சாந்தை நன்றாக அழுத்தி அடைக்க வேண்டும். ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல். அருவிக்கு அடியில் விரிக்கும் லைனர் (தண்ணீர் புகாத விரிப்பு) இரண்டு துண்டாக வந்தால், மேல் துண்டின் நுனி கீழ்த் துண்டின் மேலே வந்து படிய வேண்டும். கூரைக்குத் தகரம் போடும்போது மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மேல் ஏறி நிற்கிறதல்லவா, அப்படி. பக்கங்களில் லைனரை ஒரு சாண் உயரத்துக்கு மடித்துத் தூக்கி, கல்லுக்குப் பின்னால் மறைத்துவிடுங்கள்.

சீமெந்து வேலை முடிந்த கையோடு மீன் விடவே கூடாது. புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்புக் காரம் இறங்கி மீனைக் கொன்றுவிடும். நிரப்பி, சில நாள் ஓடவிட்டு, தண்ணீரை முழுக்க வெளியேற்றுங்கள். இப்படி மூன்று தடவையாவது செய்த பிறகே மீன்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்

விளிம்பின் அகலத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் மணிக்கு 150 லீற்றர். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் போதும். 20 செ.மீ. விளிம்புக்கு 3000 லீற்றர், 30 செ.மீ. விளிம்புக்கு 4500 லீற்றர். இந்த அளவில் தண்ணீர் ஒரு துணி விரித்ததுபோல் பிசிறில்லாமல் விழும். இதில் பாதி விட்டால் நூல் நூலாகப் பிரியும். ஒன்றரை மடங்குக்கு மேலே போனால் சத்தம் கூடிவிடும், படுக்கையறைச் சன்னல் பக்கத்தில் இருந்தால் தூக்கம் போகும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை, 20 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். அகலமான அருவி மேல் எல்லாருக்கும் ஆசை வரும். தலவாக்கலைப் பக்கம் போகும்போது சென்கிளேயரைப் பார்த்திருப்பீர்கள். 80 மீற்றர் உயரமும் 50 மீற்றர் அகலமும் கொண்ட அந்த நீர்வீழ்ச்சியின் தண்ணீரே, 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் தொடங்கிய பிறகு, அளந்து விடப்படுகிற தண்ணீர்தான். அகலத்துக்கு ஏற்ற தண்ணீர் இல்லாத நேரத்தில் அங்கே தெரிவது பாறை. அந்தப் பெரிய மலைக்கே அப்படியென்றால் நம் வீட்டுக் கல்லுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதிலிருந்து செலவில்லாத ஒரு வைத்தியமும் கிடைக்கிறது. அருவி மெல்லியதாக விழுகிறதா? பம்ப்பை மாற்றும் முன், விளிம்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கல்லை வைத்து அகலத்தைக் குறுக்குங்கள். அகலம் பாதியானால் அதே தண்ணீர் முன்னைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தடிப்பாக ஓடும். முதலில் சாந்து போடாமல் வெறும் கல்லை வைத்துப் பார்த்து, பிடித்திருந்தால் பிறகு ஒட்டுங்கள்.

ஊவாப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆனி, ஆடிக் காற்றில் மெல்லிய அகலமான அருவி அப்படியே பறந்து குளத்துக்கு வெளியே போய் விழும். மழையும் குறைந்த மாதங்கள் அவை. காலையில் நிரம்பியிருந்த குளம் மாலையில் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். குறுகலான தடித்த அருவி காற்றுக்குத் தாங்கும்.

பம்ப் வாங்கும் கணக்கு

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் லீற்றர் அளவு, தண்ணீரைச் சற்றும் மேலே தூக்காமல், குழாயே இல்லாமல் பம்ப் தள்ளுகிற அளவு. அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் உயரமும் போட்டிருக்கும். அது, பம்ப் தண்ணீரை அதிகபட்சம் எவ்வளவு உயரம் தூக்கும் என்பது. அந்த உயரத்தில் ஒரு சொட்டுக்கூட வெளியே வராது. உங்கள் அருவி இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. அது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் கணக்கு.

உயரத்தைக் குளத்துத் தண்ணீர் மட்டத்திலிருந்து மேலே குழாய் முடியும் இடம் வரை அளக்க வேண்டும். பம்ப் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது கணக்கில் வராது. 60 செ.மீ. என்று வைப்போம். அதோடு குழாயின் உராய்வுக்காக, குழாய் நீளத்தில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். மூன்று மீற்றர் குழாய்க்கு 30 செ.மீ. குழாய் திரும்பும் இடத்தில் பூட்டுகிற ஒவ்வொரு எல்போவுக்கும் இன்னொரு 30 செ.மீ. இரண்டு எல்போ என்றால் 60. ஆக மொத்தம் ஒன்றரை மீற்றர். பார்வைக்கு முழங்கால் உயரம், பம்ப்புக்கு ஒன்றரை மீற்றர்.

நான் வாங்கிய பம்ப்பின் அதிகபட்ச உயரம் 2 மீற்றர். ஒன்றரை மீற்றரில் அதன் பலத்தில் முக்கால் பங்கு தூக்குவதிலேயே தீர்ந்துபோனது. 3000 லீற்றரில் கால் பங்குதான் மேலே வந்தது. வாளி வைத்து அளந்தபோது சரியாக அப்படித்தான் இருந்தது.

எனவே, உங்களுக்குத் தேவையான மொத்த உயரத்தைப்போல் இரண்டு மடங்கு உயரமும், தேவையான தண்ணீரைப்போல் இரண்டு மடங்கு லீற்றரும் பெட்டியில் போட்ட பம்ப்பாகப் பாருங்கள். ஒன்றரை மீற்றரில் 3000 லீற்றர் வேண்டும் என்றால், 3 மீற்றர், 6000 லீற்றர் என்று போட்டது. பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் என்பது கையிருப்பு வைத்துப் போட்ட கணக்கு. கொஞ்சம் கூடுதலாகவே வரும். கூடினால் வால்வால் குறைக்கலாம். குறைந்ததைக் கூட்ட வழியில்லை.

வாட் அளவையும் பாருங்கள். 50 வாட் பம்ப் இராப்பகலாக ஓடினால் மாதம் 36 யூனிட். நம் மின்கட்டணம் யூனிட் கூடக்கூடப் படி ஏறுகிற கட்டணம் என்பதால், அந்த 36 யூனிட் உங்களை அடுத்த படிக்குத் தள்ளுமா என்று பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மீன் இல்லாத குளம் என்றால் பகலில் பத்து மணி நேரம் ஓடினால் போதும், 15 யூனிட்டோடு முடியும். மீனும் வடிகட்டியும் இருந்தால் இரவிலும் ஓட வேண்டும். வடிகட்டியில் வாழும் கிருமிகள்தான் மீனின் கழிவைச் சுத்தப்படுத்துகின்றன. ஓடுகிற தண்ணீர் நின்றால் அவை மூச்சுமுட்டிச் சாகத் தொடங்கும்.

குழாயும் வால்வும்

காசு மிச்சம் பிடிக்க மெல்லிய ஹோஸ் போடாதீர்கள். குழாயின் உள்விட்டம் பாதியானால், அதே அளவு தண்ணீரைக் கொண்டுபோக ஏற்படும் உராய்வு ஏறக்குறைய 30 மடங்காகும். மணிக்கு 3000 லீற்றர் வரைக்கும் ஒன்றேகால் அங்குலக் குழாய், அதற்கு மேலே 5000 வரைக்கும் ஒன்றரை அங்குலம் போடுங்கள். பம்ப்பின் வாய் சிறியதாக இருந்தாலும், வாயிலேயே ஒரு ரெடியூசர் பூட்டிப் பெரிய குழாயாக்கிவிடலாம். எல்போவுக்குப் பதில் வளையக்கூடிய குழாயைப் பெரிய வளைவாகக் கொண்டுபோனால் உயரக் கணக்கில் அரை மீற்றர் மிச்சம்.

பம்ப்புக்கு மேலே, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பால் வால்வ். வால்வ் எப்போதும் தண்ணீர் வெளியேறும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே போகும் பக்கத்தை நெரித்தால் பம்ப் கெட்டுவிடும். இந்த வகைப் பம்ப்பை வெளியேறும் பக்கத்தில் ஓரளவு மூடி ஓட்டுவதால் கேடில்லை. இன்னும் நல்ல ஏற்பாடு, வால்வுக்கு முன்னால் ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) வைத்து, மிஞ்சுகிற தண்ணீரை அந்தக் கிளை வழியாகக் குளத்தின் எதிர்மூலைக்கு விடுவது. அங்கே தேங்கிக் கிடக்கும் தண்ணீரும் அசையும். அருவி உங்கள் மனதுக்குப் பிடித்த மாதிரி விழுகிற நாளில் வால்வின் கைப்பிடிக்கு நேராகப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வையுங்கள். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் யாராவது திருப்பிவிட்டால் மறுபடி தேட வேண்டியதில்லை.

பம்ப்பை அடித்தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் வையுங்கள். சேறு உள்ளே போகாது. இன்னொரு பாதுகாப்பும் உண்டு. இரவில் எங்காவது ஒழுகித் தண்ணீர் முழுக்க வெளியே போனாலும் பம்ப் தன் மட்டத்துக்குக் கீழே உறிஞ்சாது, மீனுக்குக் கொஞ்சமாவது மிஞ்சும்.

கரண்ட் விஷயத்தில் ஒரு விட்டுக்கொடுப்பும் வேண்டாம். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாக வரும் இணைப்பு, மழைபடாத பெட்டியில் பிளக், கேபிளுக்குக் கொண்டியூட் என்கிற காப்புக் குழாய். தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டுதான் செய்ய வேண்டும். பிளக்கைக் கழற்றாமல் குளத்துக்குள் கை வைக்கக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

மேல் தொட்டி

குழாயை நேராக விளிம்புக் கல்லின் மேல் கொண்டுவந்து விட்டால் தண்ணீர் சீறிக்கொண்டு ஒரு பக்கமாகப் பாயும். விளிம்புக்குப் பின்னால் ஒரு சின்னத் தொட்டி வேண்டும். ஒரு சாணுக்குக் குறையாத ஆழமுள்ள பிளாஸ்டிக் பேசின் போதும். குழாய் அதில் விழ, தண்ணீர் அங்கே கொஞ்சம் அடங்கி, நிரம்பி, விளிம்பால் வழியட்டும். அடியில் கூழாங்கல் போட்டால் கலக்கம் இன்னும் குறையும்.

குழாயின் வாய் இந்தத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். உள்ளே மூழ்கியிருந்தால், கரண்ட் போனதும் தொட்டித் தண்ணீர் முழுவதும் அதே குழாய் வழியாகத் திரும்பக் கீழே இறங்கிவிடும். மூழ்க வைத்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீரைத் திரும்ப விடாத நொன்ரிட்டர்ன் வால்வ் ஒன்று போடுங்கள். இன்னொன்று, குழாயின் கடைசி அரை மீற்றரைச் சாந்து வைத்து மூடாமல், கழற்றி எடுக்கக்கூடிய ஹோஸாக விடுங்கள். அளந்து பார்க்க அது வேண்டும்.

முதல் ஓட்டம்

10 லீற்றர் வாளி ஒன்றையும் விநாடி காட்டும் கைபேசியையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் ஹோஸ் நுனியை, அதன் உயரத்தை மாற்றாமல், வாளிக்குள் விடுங்கள். நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 36,000த்தை அந்த விநாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை லீற்றர் என்று வரும். 12 விநாடி என்றால் 3000 லீற்றர். நான் முதலில் வாங்கிய பம்ப்புக்கு 48 விநாடி ஆனது, அதாவது 750.

பிறகு குளத்தை நிரப்பி, பம்ப்பைப் போடுங்கள். தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம். தொட்டியிலும் குழாயிலும் விளிம்பிலும் ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீர் அது. என் குளத்தில் ஒரு செ.மீ. என்பது 30 லீற்றர், பம்ப் ஓடும்போது இரண்டு செ.மீ. இறங்கி நிற்கிறது. நிறுத்தினால் அந்த 60 லீற்றரும் திரும்பி வரும். அதனால் நிறுத்தி வைத்த நிலையில் கரைக்குக் கீழே 10 செ.மீ. இடைவெளி இருக்கும்படி நிரப்புங்கள்.

இனி ஒழுக்குத் தேடுவது. குளத்தைச் சுற்றிப் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்துக் கல் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். எந்தத் தாள் நனைகிறதோ அந்தப் பக்கம் தெறித்துத்தான் தண்ணீர் போகிறது. விழும் இடத்தில் ஒரு தட்டைக் கல்லை மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்தோ, அதை நகர்த்தியோ தெறிப்பைக் குறைக்கலாம். சத்தமும் இந்தக் கல்லால்தான் மாறும். ஆழமான தண்ணீரில் விழுந்தால் கனத்த ஓசை, கல்லில் விழுந்தால் சலசலப்பு. கல்லை நான்கு இடத்தில் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டுப் பார்த்தேன். மாலையில் வீட்டு வாசலில் இருந்து கேட்டபோதுதான் எது சரி என்று தெரிந்தது.

தெறிப்பு இல்லாமலும் தண்ணீர் குறைகிறதா? பம்ப்பை நிறுத்தி, மட்டத்தில் ஒரு கோடு போட்டு, ஒரு நாள் விடுங்கள். நிறுத்தியபோது கோட்டில் நின்று, ஓடும்போது மட்டும் இறங்கினால் ஒழுக்கு அருவிப் பக்கம், பெரும்பாலும் விளிம்புக் கல்லின் இடுக்கில். நிறுத்தியும் இறங்கினால் குளத்தின் லைனரில் ஓட்டை. எந்த மட்டத்தில் இறக்கம் நிற்கிறதோ அந்த மட்டத்தைச் சுற்றித் தேடுங்கள். நாளுக்குச் சில மில்லிமீற்றர் வெயிலிலும் காற்றிலும் போவது இயல்பு.

மழைக்காலம்

ஹட்டன், கினிகத்தேனைப் பக்கத்தாருக்கு வைகாசியிலிருந்து, நம் ஊவாப் பக்கத்தாருக்கு ஐப்பசியிலிருந்து தை வரை, தண்ணீர் குறைவது பிரச்சினையாக இருக்காது, கூடுவதுதான் பிரச்சினை. ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை நம் மலைகளுக்குப் புதிதல்ல. அந்த மழை என் குளத்துக்குள் நேராகக் கொட்டுவது 300 லீற்றர்தான். மேலே உள்ள 20 சதுர மீற்றர் சரிவு வழிந்து குளத்துக்குள் வந்தால் அதுவே 2000 லீற்றர் வரை போகும், செம்மண்ணையும் சுமந்துகொண்டு வரும். ஆகையால் குளத்தின் கரையைச் சுற்றுத் தரையைவிட ஒரு கை அகலம் உயர்த்தி, மேல்பக்கத்தில் ஒரு கான் வெட்டி, சரிவுத் தண்ணீரைச் சுற்றித் திருப்பிவிடுங்கள். தேயிலை மலையில் கான் வெட்டி மண்ணைக் காக்கிற வேலை நம் ஆட்களுக்குத் தெரியாததா என்ன.

குளத்துக்குள் நேராக விழும் மழைக்கு, கரையிலிருந்து 5 செ.மீ. கீழே இரண்டு அங்குலக் குழாய் ஒன்றை வழிவாயாக வைத்து, மீன் போகாமல் வலை கட்டுங்கள். அந்தக் குழாயின் மறுமுனை வீட்டுக் கானில் முடிய வேண்டும். மண்மேட்டின் மேலோ அடுத்த வீட்டு முற்றத்திலோ விட்டுவிடாதீர்கள்.

சில நாள் பம்ப்பை நிறுத்தி வைத்தால் மேல் தொட்டியிலும் கல் குழிகளிலும் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து பார்த்தால் வழக்குப் போடவும் சட்டம் உண்டு. ஊருக்குப் போகிறீர்கள் என்றால் தொட்டியை வடித்துக் கவிழ்த்து வையுங்கள். குளத்தில் பத்துப் பன்னிரண்டு கப்பி மீன் விட்டால் நுளம்புக் குடம்பிகளை அவை பார்த்துக்கொள்ளும். நுவரெலியாக் குளிரில் கப்பி நிற்பது கஷ்டம், அங்கே தங்கமீன் விடுங்கள்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை பம்ப்பின் வலைக்கூட்டைக் கழற்றி, குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள். விளிம்புக் கல்லில் பாசி வளர்ந்தால் தண்ணீர் அதைப் பிடித்து வழியத் தொடங்கும். தேங்காய்த் தும்பால் விளிம்பு ஓரத்தை மட்டும் தேய்த்துவிடுங்கள், சுவரிலுள்ள பாசியை விட்டுவிடலாம், அது அழகு.

மாதம் ஒருமுறை அதே வாளி, அதே ஹோஸ். விநாடியைக் கலண்டரில் எழுதி வையுங்கள். 12 என்றிருந்தது 14, 15 என்று ஏறினால் வலையில் அடைப்பு. அலசிய பிறகும் இறங்காவிட்டால் பம்ப்பின் முன்மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் சக்கரத்தைக் கழற்றி, சுற்றியிருக்கும் நாரையும் வழுவழுப்பையும் பழைய பல் தூரிகையால் துடையுங்கள். சென்ற மாதம் எங்கள் வீட்டில் 16 வரை போயிருந்தது. சக்கரத்தைச் சுற்றி ஒரு யூக்கலிப்டஸ் இலையின் நரம்பு சிக்கியிருந்தது. எடுத்துவிட்டுப் பூட்டினேன், மறுபடி 12.